வண்ணத் தொலைக்காட்சி வந்தது, எங்கள் நிறம் வரவில்லை

வைகுண்ட ஏகாதசி விடியலில் எங்கள் வீட்டில் யாரும் தூங்க மாட்டோம். பக்தியால் அல்ல. திருவரங்கத்தில் சொர்க்கவாசல் திறப்பதைச் சேனல்கள் நேரலையில் காட்டும். அந்தக் கூட்டத்துக்குள் எங்கேயோ அம்மா இருப்பார். அவர் திருச்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். திருவிழா வந்தால் திருவரங்கத்துக்கு வேலை போட்டுவிடுவார்கள். முந்தின நாள் இரவே உறையூரிலிருந்து கிளம்பி, காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போவார். உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் பக்தர்கள் போட்டுவிட்டுப் போகும் தண்ணீர் பாட்டிலையும் பிரசாதத் தொன்னையையும் விடிய விடிய அள்ளிக்கொண்டிருப்பார். நானும் தம்பியும் டி.வி. முன்னால் உட்கார்ந்து அம்மாவைத் தேடுவோம்.

ரத்தினங்கி சாற்றிய நம்பெருமாள் வருவார். கிளிமாலை தெரியும். பட்டர்கள் தெரிவார்கள், பல்லக்கைத் தோளில் தாங்கி வருகிறவர்கள் தெரிவார்கள், முன் வரிசையில் கைகூப்பி நிற்கும் அதிகாரிகளும் அவர்கள் குடும்பமும் தெரியும். ராஜகோபுரத்தைக் காட்டக் கேமரா மேலே போகும்போது மட்டும் ஒரு நொடி வீதி தெரியும். "அதோ அம்மா" என்று தம்பி கத்துவான். (அந்தக் கோபுரத்துக்கு எதிரே 2006 முதல் நிற்கும் பெரியார் சிலை ஃபிரேமுக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது தனித்திறமை. அதை ஒவ்வோர் ஆண்டும் ரசிப்பேன்.) இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு முறை, ஒளிரும் பட்டை வைத்த மேல்சட்டை போட்ட ஒருவரின் முதுகு திரையின் ஓரத்தில் தெரிந்தது. அது அம்மாதானா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நேரலையின் நடுவே வர்ணனையில் திருப்பாணாழ்வார் கதை தவறாமல் வந்துவிடும். எங்கள் உறையூர்க்காரர். பாணர் குலம் என்பதால் திருவரங்கத் தீவில் கால் வைக்கக் கூடாது. தென்கரையில் நின்றே பாடிக்கொண்டிருந்தவர் மீது உலோகசாரங்க முனிவர் கல்லெறிந்தார், பிறகு பெருமாளே சொன்னதால் அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுபோனார் என்பது கதை. குரல் தழுதழுக்கச் சொல்வார்கள். சாதியெல்லாம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது என்கிற தொனி இருக்கும். அதே நேரத்தில் அதே உறையூரிலிருந்து அதே ஆற்றைத் தாண்டி வந்த ஐம்பது அறுபது பெண்கள் கேமராவுக்குப் பின்னால் குப்பை அள்ளிக்கொண்டிருப்பார்கள்.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தையதாக இருந்தால் தொலைக்காட்சியில் சாதியைப் பேசலாம். 2015இல் கலைஞர் தன் 92ஆவது வயதில் இராமானுசர் வாழ்க்கையை நெடுந்தொடராக எழுதினார், கலைஞர் தொலைக்காட்சியில் வந்தது. திருவரங்கத்தில் சாதி பற்றி ஒரு சேனல் வாரக்கணக்கில் பேசியது நல்ல விஷயம்தான். ஆனால் அது முடிந்து ரிமோட்டை அழுத்தினால் வரும் 'குடும்ப'த் தொடர்களில் சாதி என்ற சொல்லே இருக்காது. பெரிய வீடு, ஊஞ்சல், பூஜை அறை, வெள்ளை வெளேர் மருமகள். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு டி.வி. வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான குடும்பங்களுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. அதைப் பிச்சை என்று கிண்டல் செய்தவர்கள், பெரும்பாலும் ஏற்கெனவே வீட்டில் டி.வி. வைத்திருந்தவர்கள். அதற்கு முன் நாங்கள் மெயின் ரோட்டில் ஒரு வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்போம். உள்ளே கூப்பிட மாட்டார்கள். மழை வந்தால் அன்றைக்குப் படம் பாதிதான். அரசு கொடுத்த பெட்டி வந்த நாளில் அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். யார் வீட்டு வாசலிலும் நிற்காமல், சொந்தத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பார்ப்பது என்பது ஒரு சேரிக் குழந்தைக்கு என்னவென்று கிண்டல் செய்தவர்களுக்குப் புரியாது.

வண்ணம் வந்தது. அதில் எங்கள் வண்ணம் இல்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அம்மாவின் நிறத்தில், என் நிறத்தில், எங்கள் தெருவில் பத்துக்கு எட்டுப் பேரின் நிறத்தில் திரையில் வந்தவர்கள் யார்? வில்லனுக்குப் பின்னால் அரிவாளோடு நிற்பவர். வீட்டு வேலைக்கு வந்து அடி வாங்கும் பெண். காமெடி நிகழ்ச்சியில் "லைட்டைப் போடுங்கப்பா, ஆளே தெரியலை" என்று கேலி செய்யப்படுகிறவர். இடைவேளை விட்டால் முகப்பூச்சு விளம்பரம். 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, கறுப்பாக இருந்தால் வேலையும் கிடைக்காது, மாப்பிள்ளையும் கிடைக்காது என்று நமக்குப் பல பத்தாண்டுகள் பாடம் எடுத்தது. கறுப்பாக இருப்பதைக் குறையாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் விதி வகுத்ததே 2014இல்தான். 2020இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டு உலகமே கொதித்தபோது, அந்த முகப்பூச்சின் பெயரை குளோ அண்ட் லவ்லி என்று மாற்றினார்கள். நம் ஊர்ப் பெண்கள் அத்தனை காலம் அழுத அழுகைக்கு மாறாத பெயர் அது.

நான் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தேன். கல்லூரியில் செய்தி வாசிப்புப் பயிற்சியில் எப்போதும் நான்தான் முதலாவது. அந்தத் தைரியத்தில் சென்னையில் ஒரு சேனலின் ஆடிஷனுக்குப் போனேன். வாசித்து முடித்ததும் அங்கிருந்தவர் உண்மையிலேயே மகிழ்ச்சியாகத்தான் சொன்னார்: "வாய்ஸ் சூப்பரா இருக்கும்மா. நீங்க ரேடியோவுக்கு ட்ரை பண்ணலாமே." திருச்சி வானொலி நிலையம் 1939இலேயே தொடங்கியது. குரல் மட்டும் போதும், முகம் வேண்டாம் என்கிற ஒரு கருவி எங்கள் ஊருக்கு அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்று பேருந்தில் வரும்போது சிரிப்பு வந்தது. அழுகையும்தான்.

பிறகு ஒரு நெடுந்தொடரில் சில மாதங்கள் உதவி இயக்குநராக இருந்தேன். எந்தச் சேனல், எந்தத் தொடர் என்பது வேண்டாம். கதையில் ஒரு துப்புரவுப் பணியாளர் பாத்திரம் வந்தது. பத்து எபிசோடு வரும், வசனமும் உண்டு. அந்த வேடத்துக்கு நல்ல வெளுத்த நிறத்தில் ஒரு நடிகையைப் பிடித்து வந்திருந்தார்கள். மேக்கப் அண்ணன் டல் மேக்கப்புக்கு பேஸ் கலந்துகொண்டே, எவ்வளவு இறக்க வேண்டும் என்று இயக்குநரிடம் கேட்டார். இயக்குநர் சுற்றிலும் பார்த்தார். கிளாப் போர்டோடு நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "நீ இங்க வாம்மா, கொஞ்சம் பக்கத்துல நில்லு" என்றார். நின்றேன். நடிகையின் கையையும் என் கையையும் சேர்த்து வைத்து நிறம் பார்த்தார்கள். "ஓகே, இந்த ஷேடு" என்றார். செட்டின் ஓரத்தில் அதே நிறத்தில் எட்டு ஜூனியர் ஆர்டிஸ்ட் அக்காக்கள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் இருவர் நிஜமாகவே துப்புரவு வேலை பார்த்தவர்கள்.

அந்த நடிகை மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வேறு மாநிலத்திலிருந்து வந்து, புரியாத மொழியில் வாயசைத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்று சம்பாதிக்கிறவர். "எங்கள் ஊர்ப் பெண்களின் வாய்ப்பை வெளியூர்க்காரிகள் பறிக்கிறார்கள்" என்று கிளம்புகிறவர்களோடு நான் இல்லை. வாய்ப்பை யார் தருகிறார் என்பதுதான் கேள்வி, யார் வாங்கிக்கொள்கிறார் என்பதல்ல.

இந்த இடத்தில் சிங்கப்பூருக்கு ஒரு நடை போய்வர வேண்டும். 2019 ஜூலையில் அங்கே மின்னணுப் பணப்பரிமாற்றத்துக்கான விளம்பரம் ஒன்று வந்தது. சிங்கப்பூரின் எல்லா இனத்தவரையும் காட்ட வேண்டும் என்பது நோக்கமாம். ஆனால் எல்லா வேடத்திலும் ஒரே சீன நடிகர். முக்காடு போட்டால் மலாய்ப் பெண், முகத்தில் கறுப்பு பூசினால் தமிழர். சட்டையில் 'கே. முத்துசாமி' என்று பெயர்ப்பட்டை வேறு. அங்குள்ள சிறுபான்மையினர் கொதித்தார்கள். விளம்பரம் நீக்கப்பட்டது, சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் மன்னிப்புக் கேட்டன. ஒரு முத்துசாமிகூடவா கிடைக்கவில்லை என்று இங்கேயும் நம் ஆட்கள் கோபப்பட்டார்கள். சரியான கோபம். நானும் பகிர்ந்தேன். ஆனால் அதே 2019இல் 'பாலா' என்ற இந்திப் படத்தில் பூமி பெட்னேகருக்குக் கறுப்பு பூசி, நிறத்தால் அவமானப்படும் பெண்ணாக நடிக்க வைத்தார்கள். நம் தொடர்களில் டல் மேக்கப் என்பது தினசரி வேலை. சீனர் பூசினால் இனவெறி, நாமே பூசினால் நடிப்புத்திறமை.

பிரிட்டனில் பி.பி.சி.யே 1958 முதல் 1978 வரை இருபது ஆண்டுகள், வெள்ளையர்கள் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு ஆடிப் பாடும் நிகழ்ச்சியை நடத்தியது. 1967இல் இனப் பாகுபாட்டுக்கு எதிரான அமைப்பு ஒன்று அதை நிறுத்தச் சொல்லி மனுக் கொடுத்தது. அதற்குப் பிறகும் பதினோரு ஆண்டுகள் ஓடியது. மக்கள் ரசிக்கிறார்கள், யாரையும் புண்படுத்தும் நோக்கமில்லை, இது வெறும் பொழுதுபோக்கு என்று அன்றைக்கு அங்கே சொன்ன காரணங்களை எந்தத் தயாரிப்பாளரிடமும் இன்றைக்கு இங்கே கேட்கலாம். மொழிபெயர்ப்பு மட்டும்தான் வேறு.

"இனம் வேறு, சாதி வேறு, இரண்டையும் ஏன் குழப்புகிறீர்கள்" என்று ஒரு கேள்வி வரும். நண்பர்களே கேட்பார்கள். கறுப்பான ஐயங்கார் இல்லையா, சிவப்பான பறையர் இல்லையா? இருக்கிறார்கள். திருவரங்கத்துக்கு முதலாம் எண் பேருந்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தாலே தெரியும், நிறத்தை வைத்து யார் எந்தத் தெரு என்று சொல்ல முடியாது. அம்பேத்கர் இதை எப்போதோ சொல்லிவிட்டார். 1948இல் வந்த தீண்டப்படாதவர்கள் பற்றிய நூலில், மூக்கின் அளவை வைத்து இனம் பிரித்த ஆய்வாளர்களின் கணக்கையே எடுத்துப்போட்டு, பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம்தான் என்று காட்டினார். சாதி இனமல்ல என்பது நமக்கு அவர் கொடுத்த அடிப்படைப் பாடம். அதே சமயம், சாதிக் கொடுமை இனவெறிக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல என்பதால்தான் 2001இல் டர்பன் நகரில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியையும் விவாதிக்க வேண்டும் என்று தலித் அமைப்புகள் போய் நின்றன. இந்திய அரசு எதிர்த்தது.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு அந்த மேக்கப் அறைக்குத் திரும்பினால் விஷயம் புரிகிறது. நிஜத்தில் நிறத்தை வைத்துச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது. அப்படியானால் பார்க்கிறவருக்கு ஒரே பார்வையில் 'இவள் அந்தத் தெரு' என்று எப்படிச் சொல்வது? சாதிப் பெயரை வசனத்தில் வைக்கவும் முடியாது, வம்பு வரும். ஆகவே பூசுகிறார்கள். இயற்கை போடாத கோட்டை ஒப்பனைப் பெட்டி போடுகிறது. அளந்து பார்த்து இல்லை என்று அம்பேத்கர் நிரூபித்த வேறுபாட்டை, என் கையைப் பக்கத்தில் வைத்து அளந்து, கலந்து, தடவி உண்டாக்கினார்கள். அதை இரவு எட்டு மணிக்குப் பார்க்கும் குழந்தை, கறுப்பு என்றால் குப்பை அள்ளுகிறவர், வெளுப்பு என்றால் ஊஞ்சலில் உட்கார்கிறவர் என்று படித்துக்கொள்கிறது. பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுக்காத சாதி அது.

ஆண்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கறுப்பான கதாநாயகர்களை நாம் கொண்டாடியிருக்கிறோம். ரஜினிகாந்த், விஜயகாந்த் என்று பெயர் சொல்லலாம். ஆனால் அவர்களுக்கு ஜோடியாக வந்தவர்களின் நிறத்தைப் பாருங்கள். ஆணுக்குக் கறுப்பு வீரம், பெண்ணுக்குக் கறுப்பு குறை. சாதி தன் கணக்கையெல்லாம் பெண்ணின் உடம்பில்தான் எழுதும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

"நாங்கள் என்ன செய்வது, ரசிகர்கள் அதைத்தான் கேட்கிறார்கள், டி.ஆர்.பி. அப்படி" என்பார்கள். 2019இல் விஜய் டி.வி.யில் 'பாரதி கண்ணம்மா' தொடங்கியது. கறுப்பாக இருப்பதால் மாமியாரால் வெறுக்கப்படும் பெண்ணின் கதை. தமிழ்நாடே பார்த்தது. கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு நடந்த நடை மீம்களில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கறுப்பான நாயகி என்றால் மக்கள் சேனலை மாற்றிவிடுவார்கள் என்ற கதை அன்றோடு முடிந்திருக்க வேண்டும். எனக்கு அந்தத் தொடரிலும் ஒரு குறை உண்டு. அங்கேயும் நிறம்தான் கதை. கறுப்பாக இருக்கும் ஒரு பெண் வேலைக்குப் போவது, காதலிப்பது, தங்கையோடு சண்டை போடுவது, எதிலும் நிறம் ஒரு பிரச்சினையாகவே வராமல் சாதாரணமாக இருப்பது எப்போது கதையாகும்? வெளுத்த மருமகளுக்கு அந்த உரிமை முதல் எபிசோடிலேயே கிடைத்துவிடுகிறதே.

திரையில் யார் வருகிறார் என்பதை முடிவு செய்கிறவர்கள் யார் என்ற கேள்விக்கு வருவோம். 1996இல் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையின் டெல்லி செய்தியாளராக இருந்த கென்னத் கூப்பர் என்ற கறுப்பினத்தவர், ஒரு செய்திக்காகத் தலித் பத்திரிகையாளர் ஒருவரின் கருத்து வேண்டும், யாரையாவது சொல்லுங்கள் என்று பி.என். உனியாலிடம் கேட்டார். உனியால் மூத்த பத்திரிகையாளர். டெல்லியில் தேடினார், தேடினார், ஒருவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதையே 'பயனியர்' நாளிதழில் கட்டுரையாக எழுதினார். ஒரு கறுப்பர் வந்து கேட்கும்வரை அந்த இல்லாமை யார் கண்ணிலும் படவில்லை. 23 ஆண்டுகள் கழித்து, 2019இல், ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் ஓர் ஆய்வு செய்தன. நாளிதழ், தொலைக்காட்சி, இணையம், வார இதழ் எல்லாம் சேர்த்து 121 தலைமைப் பதவிகளைப் பார்த்தார்கள். 106 பதவிகளில் உயர்த்திக்கொண்ட சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை.

அது இந்தி, ஆங்கில ஊடகங்களின் கணக்கு. இங்கே பெரியார் மண், அப்படியெல்லாம் இருக்காது என்று சொல்கிறவர்கள், தமிழ்ச் சேனல்களின் கணக்கை வெளியிட்டு என்னைப் பொய்யாக்கட்டும். சந்தோஷமாகத் தோற்றுக்கொள்கிறேன். சன் டி.வி. 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. சித்திரை முதல் நாள் என்று பார்த்துத் தொடங்கியிருப்பார்கள், அம்பேத்கர் பிறந்தநாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கலைஞர் டி.வி. 2007இல் அண்ணா பிறந்தநாளில் தொடங்கியது. இயக்கத்தின் பெயரையும் நாட்களையும் சுமக்கும் சேனல்களின் தொடர்களில்கூடக் கதாநாயகியின் முகமும், அவள் வீட்டுப் பூஜை அறையும் மற்றவற்றிலிருந்து வேறாக இல்லை. நம் பக்கத்து ஆட்கள்தானே என்று இதைச் சொல்லாமல் விட்டால், மேக்கப் அறையில் என் கையை நீட்டச் சொன்னவரைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமையில்லை.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். அரசு ஒளிபரப்பு நிறுவனத்தில் வேலைக்கு இடஒதுக்கீடு உண்டு. தனியார் சேனலில் கிடையாது, ஆனால் அவை பயன்படுத்தும் அலைவரிசைக்கு உரிமம் கொடுப்பது அரசுதான். இன்றைக்கு பி.பி.சி. தன் பணியாளர்களில் சிறுபான்மை இனத்தவர் எத்தனை சதவீதம், தலைமைப் பொறுப்பில் எத்தனை என்று ஆண்டறிக்கையில் அச்சடிக்கிறது. மை பூசி ஆடவிட்ட அதே நிறுவனம். அங்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை, ஆனால் சண்டை போட ஓர் எண் கையில் இருக்கிறது. இங்கே முதலில் அந்த எண் வேண்டும். எழுத்தாளர் அறையில் எத்தனை பேர், காஸ்டிங் முடிவெடுக்கும் மேசையில் எத்தனை பேர், செய்தி வாசிப்பாளர்களில் எத்தனை பேர் என்று உரிமம் புதுப்பிக்கும்போது ஒவ்வொரு சேனலும் சொல்ல வேண்டும். துப்புரவுப் பணியாளர் வேடத்துக்கு ஆள் தேடும்போது மேக்கப் பெட்டியைத் திறக்கும் முன் செட்டின் ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்குச் சட்டம்கூட வேண்டாம், வெட்கம் இருந்தால் போதும். இன்னொன்று, அந்த அக்காக்களைத் துப்புரவுப் பணியாளர் வேடத்துக்கு மட்டும் கூப்பிடக் கூடாது. ஊஞ்சலிலும் உட்கார வையுங்கள். ஊஞ்சல் ஒன்றும் உடையாது.

நான் இப்போது ஒரு பழைய கேமராவை வைத்துக்கொண்டு சிறிய ஆவணப்படம் ஒன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏகாதசி இரவில் திருவரங்கத்து வீதிகள் எப்படிச் சுத்தமாகின்றன என்பதுதான் படம். போன முறை வேலை முடிந்து காலை பத்து மணிக்கு அம்மா அம்மா மண்டபத்துப் பக்கம் வந்து உட்கார்ந்தபோது, கேமராவை எடுத்து வைத்தேன். கண் சிவந்து, தலையில் துண்டோடு, முகமெல்லாம் தூசியாக இருந்தார். எனக்கு அந்த முகம்தான் வேண்டும்.

"இரு பாப்பா, மூஞ்சி கழுவிட்டு வர்றேன். கொஞ்சம் பவுடர் போட்டுக்கிறேன்" என்றார் அம்மா.

"வேணாம்மா, அப்படியே இரு, நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"நீ சும்மா இரு. டிவியில வர்றவங்க எல்லாம் பவுடர் போடாமலா வர்றாங்க?" என்று சொல்லிவிட்டு, சுருக்குப் பையிலிருந்து சின்னப் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு படித்துறையில் இறங்கினார்.